பலம் குறைந்த அணி கோப்பையில் தோற்றால்: ஒரு ரசிகர் அதை எடைபோடும் முறை

2019 டிசம்பர் 17 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த இங்கிலாந்துக் கால்பந்து லீக் கோப்பைக் காலிறுதியில் லிவர்பூல் அணி ஆஸ்டன் வில்லாவிடம் 5-0 என்ற கணக்கில் தோற்றது. அன்று லிவர்பூலிலிருந்து பயணம் செய்து வந்திருந்த ரசிகர்கள் ஆட்டம் முழுவதும் பாடிக்கொண்டிருந்தார்கள். முடிவில் தங்கள் அணியைக் கைதட்டி அனுப்பிவைத்தார்கள். 2025 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் இன்னொரு கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் நான்காம் சுற்றில் அதே லிவர்பூல், இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பிளிமத் ஆர்கைல் அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அன்று ரசிகர்களின் பேச்சில் மேலோங்கியிருந்தது எரிச்சல். ஐந்து கோல் வாங்கிய அணிக்குக் கைதட்டலும், ஒரு கோல் வாங்கிய அணிக்கு ஏச்சும் கிடைத்ததை முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு இரவுகளிலும் களத்தில் இறங்கிய அணிகள் வேறு, இறக்கப்பட்ட காரணங்கள் வேறு, ரசிகர்கள் நியாயமாக எதிர்பார்த்தவையும் வேறு.

முதன்மை வீரர்களை ஓய்வில் வைத்துவிட்டு இறக்கப்படும் அணி தோற்கும்போது எதை எங்கே வைத்துப் பார்ப்பது, யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லிவர்பூலிலிருந்தே வருகின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் இவ்வகைத் தோல்வியின் ஏறத்தாழ எல்லா வடிவங்களையும் அந்தக் கிளப் பார்த்திருக்கிறது. மற்ற அணிகளின் ரசிகர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எடைபோடும் வேலை பந்து உருள்வதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் பதினொருவர் பட்டியல் வெளியாகும். அப்போதே அந்த அணியிடமிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்பதை உங்களுக்குள் ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முடிந்தால் எழுதியே வையுங்கள். "இந்த அணி வெல்ல வேண்டும்", "இந்த அணி கடைசி வரை போட்டி கொடுத்தால் போதும்", "இந்த அணியிடம் இரண்டு இளைஞர்களின் ஆட்டத்தை மட்டும் பார்க்கப்போகிறேன்" என்ற மூன்றில் ஏதாவது ஒன்றாக அது இருக்கும். தோல்விக்குப் பிறகு உருவாகும் எதிர்பார்ப்பு நேர்மையானதாக இருப்பது அரிது. பட்டியலைப் பார்த்தபோது தோள் குலுக்கியவர்களே, தோற்ற பின் அந்த அணி வென்றே இருக்க வேண்டும் என்று வாதிடுவதையும், பட்டியலைக் கண்டு கொதித்தவர்கள் வென்ற பின் பயிற்சியாளரின் துணிவைப் புகழ்வதையும் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம்.

பட்டியலைப் படிக்கும்போது எல்லோரும் முதலில் செய்வது, சென்ற ஆட்டத்திலிருந்து எத்தனை மாற்றங்கள் என்று எண்ணுவது. அந்த எண் ஓரளவுக்குத்தான் உதவும். பிளிமத்துக்கு எதிராகப் பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் பத்து மாற்றங்கள் செய்தார். முகமது சலாவும் விர்ஜில் வான் டைக்கும் பயணமே செய்யவில்லை. ஆனால் களத்தில் கொலம்பியாவின் லூயிஸ் தியாஸ், ஜப்பான் அணியின் தலைவர் வட்டாரு எண்டோ, இத்தாலியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஃபெடரிகோ கியேசா ஆகியோர் இருந்தார்கள். தத்தம் நாட்டுக்காகப் பலமுறை ஆடிய மூத்த வீரர்களோடு இரண்டு மூன்று இளைஞர்களைச் சேர்த்த அணி அது. வில்லா பார்க்கில் இறங்கிய அணியோ உண்மையாகவே கிளப்பின் இளையோர் அணி. அதன் சராசரி வயது 19 ஆண்டு 182 நாள். அதுவரை லிவர்பூலின் முதல் அணி என்ற பெயரில் இறங்கியவற்றில் மிக இளையது அதுதான். இரண்டையும் "ரிசர்வ் அணி" என்ற ஒரே சொல்லால் குறிக்கும்போதே தீர்ப்பு தவறிவிடுகிறது. இளையோர் அணி தோற்பது இயல்பு. மூத்த மாற்று வீரர்கள் தோற்றால் கேள்வி கேட்கலாம். அவர்கள் சம்பளம் வாங்குவதே இத்தகைய இரவுகளுக்காகவும்தான்.

மாற்றங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, அவை எந்த இடங்களில் நடந்திருக்கின்றன என்பது. கோல்கீப்பர், இரண்டு நடுத் தற்காப்பாளர்கள், அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர், முன்வரிசையின் நடுவில் ஆடுபவர் ஆகியோரே அணியின் முதுகெலும்பு. பக்கவாட்டில் ஆடும் நால்வரை மாற்றினாலும் இவர்கள் பழையவர்களாக இருந்தால் அணி தன் வடிவத்தை இழக்காது. இவர்களை ஒரே நாளில் மாற்றிவிட்டால், ஒவ்வொருவரும் தனித்தனியே திறமைசாலியாக இருந்தாலும், யார் முன்னேற வேண்டும், யார் பின்னால் நிற்க வேண்டும் என்று குரல் கொடுக்க ஆள் இருக்காது. பிளிமத்தில் ஜோ கோமஸ் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயமடைந்து வெளியேற, நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த எண்டோ தற்காப்பு வரிசைக்கு நகர்ந்தார். ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகாத அணியில் முதுகெலும்பு பத்தே நிமிடத்தில் மறுபடியும் கலைந்தது. பிறகு லிவர்பூலின் முன்னேற்றம் மந்தமாக இருந்ததற்குச் சோம்பலைக் காரணம் காட்டியவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

மாற்று வீரர்களின் வரிசையையும் பாருங்கள். பின்னால் ஆட்டத்தைத் திருப்பக்கூடிய இரண்டு மூன்று பேர் அமர்ந்திருந்தால், பயிற்சியாளர் வெல்லவே நினைக்கிறார், முதல் அறுபது நிமிடத்தை மட்டும் மற்றவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று பொருள். அங்கேயும் சிறுவர்களே இருந்தால், அந்தக் கோப்பையை விட்டுக்கொடுக்கத் தயாராகவே அவர் வந்திருக்கிறார். கோபப்படுவதானால் பட்டியல் வந்த அந்த நேரத்திலேயே கோபப்படுவது நியாயம். இறுதி விசில் வரை காத்திருக்கத் தேவையில்லை.

நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

பட்டியலுக்கு அடுத்து வேண்டியது நாட்காட்டி. அந்த ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாட்களில் என்னென்ன ஆட்டங்கள் இருந்தன என்று பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

வில்லா பார்க் ஆட்டம் நடந்த மறுநாளே லிவர்பூலின் முதல் அணி கத்தாரில் மெக்ஸிகோவின் மான்டெரே அணியோடு உலகக் கிளப் கோப்பையின் அரையிறுதியில் ஆட வேண்டியிருந்தது. ஒரே கிளப்புக்கு இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு கண்டங்களில் ஆட்டம். அன்றைய பயிற்சியாளர் யூர்கன் கிளாப் முதல் அணியோடு கத்தாரின் தோகா சென்றார். வில்லா பார்க்கில் அணியை வழிநடத்தியவர் இளையோர் பயிற்சியாளர் நீல் கிரிட்ச்லி. இங்கே எவராலும் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்பதை ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள். கைதட்டலின் அடிப்படை அதுதான். மாற்று வழி என்ன என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு: 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த உலகக் கிளப் போட்டிக்காக மான்செஸ்டர் யுனைடெட் அந்தப் பருவத்தின் எஃப்.ஏ. கோப்பையிலிருந்தே விலகியது. பலம் குறைந்த அணியை அனுப்பித் தோற்பதைவிட, கலந்துகொள்ளாமலே இருப்பது போட்டிக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு என்பது என் கருத்து. தோற்றாலும் வில்லா பார்க்கில் ஆடிய இளைஞர்களுக்குத் தங்கள் பெயரை ஆட்டப் பட்டியலில் எழுத ஒரு வாய்ப்பாவது கிடைத்தது.

பிளிமத் ஆட்டத்தின் நாட்காட்டி வேறு. பிப்ரவரி 6, வியாழக்கிழமை, லீக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் லிவர்பூல் டாட்டன்ஹாமை 4-0 என வென்றது. ஞாயிறு பிளிமத். புதன்கிழமை குடிசன் பார்க்கில் எவர்டனோடு லீக் ஆட்டம்; அந்த மைதானத்தில் இரு அணிகளும் சந்திக்கும் கடைசி முறை என்பதால் அதன் அழுத்தம் தனி. ஏழு நாட்களில் மூன்று ஆட்டங்கள், அவற்றில் நடுவில் இருப்பது இரண்டாம் நிலை லீக்கின் கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு எதிரானது என்றால், ஓய்வு கொடுப்பதற்கு அதைத் தேர்ந்தெடுப்பது அறிவுக்கு ஒத்த முடிவே. பத்துப் பேரையும் ஒன்றாக மாற்றியது அதே அளவுக்கு அறிவானதா என்பது தனிக் கேள்வி. அறுவரை மாற்றி, முதுகெலும்பில் இருவரை மட்டும் விட்டுவைத்திருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இப்படிக் கேள்வியைப் பிரித்துக் கேட்கும்போதுதான் அது விமர்சனமாகிறது.

நாட்காட்டியைப் பார்ப்பதில் ஒரு கட்டுப்பாடு தேவை. பட்டியல் வெளியான நேரத்தில் பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தவற்றை வைத்துத்தான் அவருடைய முடிவை மதிப்பிட வேண்டும். கோமஸ் காயமடைவார் என்பதோ, லிவர்பூலின் ஹார்வி எலியட்டின் கையில் பந்து பட்டு 53-ஆவது நிமிடத்தில் பிளிமத்தின் ரையன் ஹார்டி பெனால்டி அடிப்பார் என்பதோ அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆட்டத்தின்போது எதைப் பார்ப்பது

கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இத்தகைய ஆட்டம் சித்திரவதையாகிவிடும். வில்லா பார்க்கில் முதல் பத்து நிமிடங்கள் லிவர்பூலின் இளைஞர்கள் பந்தைத் தயக்கமின்றி ஆண்டார்கள், வாய்ப்புகளையும் உருவாக்கினார்கள். பிறகு ஆஸ்டன் வில்லாவின் கானர் ஹூரிஹேன் அடித்த ஃப்ரீ கிக் கூட்டத்துக்குள் வளைந்து, யார் காலிலும் படாமல் வலைக்குள் போனது. மூன்று நிமிடம் கழித்து வலப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பந்து லிவர்பூல் தற்காப்பாளர் மார்கன் பாய்ஸ் மீது பட்டு எகிறி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே வளைந்து உள்ளே விழுந்தது. 17 நிமிடத்தில் 2-0. இரண்டு கோல்களும் ஆட்டத்தின் போக்குக்கு எதிராக வந்தவை. அதற்குப் பின் நீங்கள் பார்க்க வேண்டியிருந்தது, பதினாறு வயது எலியட் அடுத்த முறை பந்து வந்தபோது கேட்டு வாங்கினாரா, ஒளிந்துகொண்டாரா என்பதைத்தான். அவர் கேட்டு வாங்கினார்.

பொதுவாக மூன்று இடங்களில் கண் வையுங்கள். பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடிகளில் அணி என்ன செய்கிறது என்பது முதலாவது. பழகிய அணியில் மூன்று பேர் ஒன்றாக நெருக்குவார்கள். பழகாத அணியில் ஒருவர் ஓடுவார், மற்ற இருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முயற்சி இல்லை என்று தொலைக்காட்சியில் தோன்றும் பல காட்சிகள் உண்மையில் இந்த ஒத்திசைவின்மைதான். தவறு செய்த வீரரிடம் சக வீரர்கள் நடந்துகொள்ளும் விதம் இரண்டாவது. மூன்றாவது, தோல்வி உறுதியான கடைசி இருபது நிமிடங்களில் யார் இன்னும் முன்னோக்கிப் பந்தைக் கொடுக்கிறார், யார் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறார் என்பது. மூத்த மாற்று வீரர் ஒருவர் இரண்டாவது வகையாக இருந்தால் அவரைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற வழக்கு இங்கே செல்லாது. பழகாத பத்துப் பேரோடு ஆடிய ஓர் இரவை வைத்து ஓர் இளைஞரின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது. வில்லா பார்க்கில் ஐந்து கோல் வாங்கிய கோல்கீப்பர் கீவின் கெலெஹர். 2022 லீக் கோப்பை இறுதியில் செல்சியை 11-10 என்ற பெனால்டி கணக்கில் லிவர்பூல் வென்றபோது, தன் அணியின் பதினோராவது பெனால்டியைத் தானே அடித்து உள்ளே போட்டவர் அவர். 2024 பிப்ரவரி 25 அன்று அதே செல்சிக்கு எதிரான இறுதியாட்டத்தில், காயங்களால் சிதைந்திருந்த அணியைக் கூடுதல் நேரம் வரை கோல் விடாமல் காத்து நின்றவரும் அவரே. அந்த இறுதியாட்டத்தை பாபி கிளார்க், ஜேம்ஸ் மெக்கனல், ஜேடன் டான்ஸ் போன்ற இளைஞர்களைக் களத்தில் வைத்துக்கொண்டுதான் லிவர்பூல் 1-0 என வென்றது.

கோபத்தை எங்கே வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இதை வைத்துக்கொள்ளுங்கள். தோல்வியில் மூன்று தரப்புகள் உண்டு: களத்தில் ஆடியவர், அவரைத் தேர்ந்தெடுத்தவர், தேர்ந்தெடுக்க வேறு ஆள் இல்லாத நிலையை உருவாக்கிய நிர்வாகம். கோபம் பெரும்பாலும் முதலாமவர் மீது விழுகிறது, ஏனென்றால் திரையில் தெரிபவர் அவர்தான். ஆனால் இந்த மூவரில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவரும் அவர்தான். இறங்கு என்றார்கள், இறங்கினார்.

2005 ஜனவரி 18 அன்று பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். லிவர்பூலின் அன்றைய பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் முதன்மை வீரர்கள் பலரை விட்டுவிட்டு அணியை இறக்கினார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கோல் எல்லைக்கு அருகே தாழ்வாக வந்த ஒரு பந்தை, வெளியே உதைத்துத் தள்ளுவதற்குப் பதிலாக, தற்காப்பாளர் ஜிமி திராவோரே காலடியால் பின்னிழுத்துத் திரும்ப முயன்றார். பந்து மெதுவாக உருண்டு அவருடைய சொந்த வலைக்குள் போனது. பர்ன்லி 1-0. அதன் பிறகு வாரக்கணக்கில் அவர் கேலிப்பொருளானார். நான்கு மாதம் கழித்து, மே 25 அன்று இஸ்தான்புல்லில் ஏ.சி. மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அவர் தொடக்கத்திலிருந்தே ஆடினார். 3-0 என்று பின்தங்கி, ஆறு நிமிடங்களில் 3-3 என்று சமன் செய்த பிறகு, மிலானின் ஷெவ்சென்கோ அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிக் கோல் கோட்டை நோக்கிப் போனபோது, கோட்டின் மீது நின்று அதை வெளியே தள்ளியவர் அதே திராவோரே. ஜனவரியில் அவரை இனிமேல் சிவப்புச் சட்டை போடவே கூடாது என்று எழுதியவர்கள் மே மாதத்தில் அந்தக் கோப்பையைக் கொண்டாடினார்கள்.

ஆகவே களத்தில் ஆடியவரைப் பற்றி எழுதும்போது செய்யக் கூடியதும் கூடாததும் தெளிவாக இருக்க வேண்டும். "அந்த இடத்தில் பந்தை வெளியே தள்ளியிருக்க வேண்டும்" என்பது விமர்சனம். "இவனெல்லாம் ஒரு ஆளா" என்பது விமர்சனமாகாது. இளைஞர்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தில் தோல்வி இரவில் எதையும் எழுதாதீர்கள்; ஆறுதல்கூட வேண்டாம், ஏனென்றால் உங்கள் ஆறுதலின் கீழேதான் மற்றவர்களின் ஏச்சு வரிசையாக வந்து சேரும். 2025 அக்டோபர் 29 அன்று லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் லிவர்பூலின் மாற்று வீரராக வந்த அமாரா நாலோ சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அவருடைய முதல் ஆட்டமும் சிவப்பு அட்டையில்தான் முடிந்திருந்தது. அவருக்கு வயது பதினெட்டு. அந்த வயதுப் பையன் ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால் அன்றிரவு அவனிடம் எதைச் சொல்லியிருக்க மாட்டீர்களோ, அதை இவரிடமும் சொல்லாதீர்கள்.

கோபம் நியாயமாகும் இரவுகள்

பொறுமையை மட்டும் போதிப்பது என் நோக்கமன்று. சில தோல்விகளில் கோபப்படாமல் இருப்பதே தவறு.

அந்தப் பேலஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்லாட் அன்றும் பத்து மாற்றங்கள் செய்தார். லிவர்பூல் சொந்த மைதானத்தில் 3-0 எனத் தோற்றது. ஆனால் அப்போது அணி லீக்கில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. வெற்றியின் மேல் வெற்றியாக வந்துகொண்டிருக்கும் அணி ஒரு கோப்பையை விட்டுக்கொடுப்பதும், நம்பிக்கை இழந்து தவிக்கும் அணி அதைச் செய்வதும் ஒன்றல்ல. மேலும் அந்தக் கோடையில் புதிய வீரர்களுக்காகக் கிளப் 400 மில்லியன் பவுண்டுக்கும் மேல் செலவழித்திருந்தது. அவ்வளவு செலவழித்த பிறகும் அக்டோபர் மாதத்தில் ஆள் பற்றாக்குறை என்று சொல்ல நேர்ந்தால், கேள்வி பயிற்சியாளரைத் தாண்டி, அணியைக் கட்டமைத்தவர்களிடம் போக வேண்டும். ரசிகர்களில் கூர்மையாகப் பேசியவர்கள் இதைத்தான் கேட்டார்கள்: பதினெட்டு வயதுப் பையன்கள் ஏன் தோற்றார்கள் என்று கேட்கவில்லை, அவர்களைத் தவிர வேறு யாரும் ஏன் இல்லை என்று கேட்டார்கள்.

2010 செப்டம்பர் 22 அன்று ராய் ஹாட்ஜ்சனின் லிவர்பூல், நான்காம் நிலை அணியான நார்தாம்ப்டன் டவுனிடம் ஆன்ஃபீல்டில் பெனால்டியில் தோற்றதும் இந்த வகைதான். அந்த ஓர் இரவுக்காக மட்டும் ரசிகர்கள் கொதிக்கவில்லை. பழைய உரிமையாளர்களின் கீழ் கிளப் கடனில் மூழ்கியிருந்தது. லீக்கிலும் தொடக்கம் மோசம். கோப்பைத் தோல்வி அந்த நோயின் வெளித்தோற்றமாக இருந்தது. அடுத்த ஜனவரியில் ஹாட்ஜ்சன் வெளியேறினார். ஆகவே ஒரு தோல்வி தனியாக நிற்கிறதா, நீண்ட சரிவின் ஒரு கண்ணியா என்பதைச் சோதிக்க, அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் முழுப் பலத்தோடு இறங்கிய அணி எப்படி ஆடியது என்று பாருங்கள். முழு அணியும் அதே தவறுகளைச் செய்திருந்தால், பலம் குறைந்த அணி என்ற சமாதானம் எடுபடாது.

மைதானத்துக்குப் பணம் கொடுத்துச் சென்றவர்களின் குறை தனி வகை. 2009 டிசம்பரில் உல்வ்ஸ் (உல்வர்ஹாம்ப்டன்) அணியின் பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தி, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த லீக் ஆட்டத்துக்குக் கோல்கீப்பரைத் தவிரப் பத்துப் பேரையும் மாற்றி 3-0 எனத் தோற்றார். பயணம் செய்து வந்திருந்த உல்வ்ஸ் ரசிகர்களே, ரிசர்வ் அணியைப் பார்க்கவா இத்தனை பவுண்டு கொடுத்தோம் என்று அன்று முழக்கமிட்டார்கள். அது கோப்பை ஆட்டமில்லை என்றாலும் குறை ஒன்றுதான்: விலை முழு அணிக்கு, பார்த்தது பாதி அணியை. இதை மனதில் வைத்திருக்கும் கிளப் தன் விலையைக் குறைக்க வேண்டும். 2020 பிப்ரவரி 4 அன்று ஷ்ரூஸ்பரி அணிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டத்துக்குக் கிளாப் தானும் வரமாட்டேன், முதல் அணியும் வராது என்று முன்கூட்டியே அறிவித்தார். குளிர்கால ஓய்வு வாரம் அது. நுழைவுச்சீட்டு விலையைக் கிளப் குறைத்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆன்ஃபீல்டை நிரப்பினார்கள். இளைஞர்கள் 1-0 என வென்றார்கள். என்ன கிடைக்கும் என்று முன்பே நேர்மையாகச் சொன்னால் ரசிகர்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பயிற்சியாளர் நேரில் வராததை மட்டும் அன்றும் பலரால் ஏற்க முடியவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வென்றவர்களுக்கு உரியதைக் கொடுங்கள்

"எங்கள் ரிசர்வ் அணியைத்தானே வென்றீர்கள்" என்ற வாக்கியத்தைத் தோல்வி இரவில் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அது எதிரணியின் ரசிகரைப் புண்படுத்தும் என்பது ஒருபுறமிருக்க, பல நேரங்களில் உண்மையும் அதுவாக இருப்பதில்லை. பிளிமத் அதற்கு முந்தைய சுற்றில் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் அணியான பிரென்ட்ஃபோர்டை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என வென்றிருந்தது. அடுத்த சுற்றில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்ததும் பிளிமத்தான். பிறகுதான் 3-1 எனத் தோற்றது. லிவர்பூலுக்கு எதிரான கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் கானர் ஹசார்ட் தடுத்தவற்றை இன்னொரு முறை பாருங்கள். லீக்கில் கடைசி இடத்தில், கீழே இறங்கும் அச்சத்தில் இருந்த ஓர் அணியின் ஊருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பெரியது என்பதை உணர, உங்கள் அணி தோற்றிருந்தாலும் சிரமமில்லை. அந்த ஊர்க்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் வாழ்த்துச் சொல்லுங்கள்; விளக்கம் எதையும் சேர்க்காதீர்கள்.

வில்லாவும் இப்படித்தான். 5-0 என்ற வெற்றியைச் சிறுவர்களுக்கு எதிரானது என்று சிலர் குறைத்துப் பேசினார்கள். எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் முழு வேகத்தில் ஆடுவதே அந்த இளைஞர்களுக்கு வில்லா காட்டிய மரியாதை. அந்த அணி இறுதியாட்டம் வரை சென்று, மான்செஸ்டர் சிட்டியிடம் 2-1 என்ற நெருக்கமான கணக்கில்தான் தோற்றது.

இறுதித் தீர்ப்பை எப்போது சொல்வது

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் குளிர்கால இரவு 7:45 மணிக்குத் தொடங்கும் வார நடுவு ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:15 மணிக்குத் தொடங்கி, மூன்று மணிக்குப் பிறகே முடியும். பெனால்டிக்குப் போனால் இன்னும் தாமதம். தூக்கம் கெட்ட கோபத்தையும் ஆட்டத்தின் மேல் வந்த கோபத்தையும் அந்த நேரத்தில் பிரித்தறிய முடியாது. அந்த மணியில் எதையும் எழுதாதீர்கள். காலையில் எழுந்து, கோல்களின் சுருக்கத்தை மட்டும் பார்க்காமல், ஆட்டத்தின் நீண்ட தொகுப்பு கிடைத்தால் முதல் அரை மணி நேரத்தை ஒலி இல்லாமல் மறுபடி பாருங்கள். வர்ணனையாளரின் குரல் இல்லாதபோது, யார் எங்கே நின்றார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

ஓய்வு கொடுத்த முடிவு பலித்ததா என்பதை இரண்டு வாரம் கழித்துச் சோதியுங்கள்; அதற்கும் ஓர் எல்லை வையுங்கள். பேலஸிடம் தோற்ற மூன்றாம் நாள் லிவர்பூல் லீக்கில் வில்லாவை 2-0 எனவும், அதற்கு மூன்று நாள் கழித்து ரியால் மாட்ரிட்டை 1-0 எனவும் வென்றது. முடிவு பலித்ததாகவே தோன்றியது. ஆனால் அதே நவம்பர் மாதத்தில் மான்செஸ்டர் சிட்டியிடமும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடமும் மூன்று மூன்று கோல் வாங்கித் தோற்றது. அக்டோபர் கடைசியில் கொடுத்த ஓய்வு ஒரு வாரத்துக்கு உதவியது, அடியில் இருந்த சிக்கலைத் தீர்க்கவில்லை என்பதே நேர்மையான மதிப்பீடு. பிளிமத் தோல்விக்குப் பின் 2025 ஏப்ரல் 27 அன்று லிவர்பூல் லீக் பட்டத்தை வென்றது. அதனால் அந்தப் பத்து மாற்றங்களும் சரியென்று ஆகிவிடாது, ஏனென்றால் இடையில் மார்ச் மாதத்தில் பாரிஸ் அணியிடம் சாம்பியன்ஸ் லீக்கையும், நியூகாசிலிடம் லீக் கோப்பை இறுதியையும் ஒரே வாரத்துக்குள் இழந்தது. இஸ்தான்புல் வெற்றி பர்ன்லி தேர்வை நியாயப்படுத்தாது என்பதும் இதே காரணத்தால்தான். பெரிய வெற்றி ஒன்று பின்னால் வந்ததும், முன்னால் நடந்த எல்லாவற்றையும் திட்டமாக்கிக் காட்டும் பழக்கத்தை எதிர்த்து நிற்க வேண்டியவர்கள் ரசிகர்கள்தான்.

கடைசியாக, தோற்ற அணியின் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். இளைஞர்களின் பெயர்களைக் குறித்து வைத்து, பருவத்தின் முடிவில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் கடனாக வேறு கிளப்புக்குப் போயிருப்பார்கள். சிலர் கீழ்நிலை லீக்குகளில் வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓரிருவர் முதல் அணியின் கதவருகே வந்திருப்பார்கள். வில்லா பார்க்கில் ஆடிய பதினொருவரில் லிவர்பூலில் நிலைத்தவர்கள் என்று கெலெஹரையும் எலியட்டையும் மட்டுமே சொல்ல முடியும். அவர்களிலும் 2025-இல் கெலெஹர் பிரென்ட்ஃபோர்டுக்கும், எலியட் கடனாக வில்லாவுக்கும் போனார்கள். மற்றவர்களின் பெயர்கள் ஏதாவது ஓர் ஆட்டப் பட்டியலில் கண்ணில் பட்டால், அந்த ஆட்டத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.